சன்ஷேட் கம்பி மேலேயா, கீழேயா?

கேள்வி: சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த மாதம் திருநெல்வேலியில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப்புக்கு நேர்காணல். எல்லாப் பாடத்தையும் திரும்பப் படிக்க நேரமில்லை. எதைப் படித்துவிட்டுப் போகலாம்?
- ஒரு மாணவி, அம்பாசமுத்திரம்

பதில்: மகளே, புத்தகத்தை எடுப்பதற்கு முன்னால் உங்கள் ஊரில் எங்கே வீடு கட்டுகிறார்கள் என்று விசாரி. அங்கே நாலு நாள் போய் நில். நான் 32 வருடம் சைட்டில் நின்றவன். கடைசிப் பத்து வருடம் இந்த மாதிரி நேர்காணல்களில் கேள்வி கேட்கும் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

வருகிற பிள்ளைகளிடம் ஒரு தாளை நீட்டி, ஜன்னலுக்கு மேல் வரும் சன்ஷேடை வரைந்து மெயின் கம்பி எங்கே வரும் என்று காட்டச் சொல்வேன். பலரும் கீழ்ப்பக்கம் வரைவார்கள். இரண்டு பக்கமும் சுவரில் உட்காரும் தளத்துக்கு அது சரி. நடுவில் தொய்யும்போது அடிப்பக்கம்தான் இழுபடும். சன்ஷேட் அப்படியில்லை. ஒரு பக்கம்தான் பிடிப்பு, மறுமுனை அந்தரத்தில் நிற்கிறது. அது தொங்கப் பார்க்கும்போது மேல்பக்கம் இழுபடும். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதனால் கம்பி மேலேதான் இருக்க வேண்டும்.

இதை நான் விடாமல் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. மேலப்பாளையம் பக்கம் ஒரு வீட்டில் பலகை பிரித்த அன்றே சன்ஷேட் விழுந்தது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை. உடைந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். வரைபடப்படி கம்பியை மேலேதான் கட்டியிருக்கிறார்கள். கான்கிரீட் போடும்போது ஆட்கள் அதன்மேல் ஏறி நடந்து, கம்பி அடிப்பலகை வரை அமுங்கிவிட்டது. கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் ‘சேர்’ ஒன்றுகூட வைக்கவில்லை. சைட்டுக்குப் போனால் முதலில் அந்தச் சேரைத் தேடிப் பார். கம்பி கட்டுகிற அண்ணனிடம் கேட்டால் ஆசையாகச் சொல்லித் தருவார்.

அப்புறம் எண்கள். அதிகம் வேண்டாம். எம்20 என்கிற கான்கிரீட் ரகத்துக்குச் சிமெண்ட், மணல், ஜல்லி 1:1½:3. அந்த 20 என்பது 150 மி.மீ. கான்கிரீட் கட்டியை 28-ஆம் நாள் உடைத்துப் பார்க்கும் பலம், சதுர மி.மீ.-க்கு 20 நியூட்டன். கம்பி விட்டத்தை மி.மீ.-இல் எடுத்து, அதே விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும், 12 மி.மீ. கம்பி 0.89 கிலோ. கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட் கனம், தூணுக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50 மி.மீ.

தண்ணீர் கட்டுவதை, அதாவது போட்ட கான்கிரீட்டைக் காயவிடாமல் ஈரமாக வைக்கும் கியூரிங்கைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். சாதாரண சிமெண்டுக்கு 7 நாள் என்று ஒப்பித்துவிட்டு நிறுத்தாதே. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, வெயிலும் வறட்சியும் உள்ள இடத்துக்குக் குறைந்தது 10 நாள் என்கிறது. சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட் என்றால் 14 நாள் வரை நீட்டிப்பது நல்லது. நம்மூர் சித்திரை வெயிலில் தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருப்பார்கள். மத்தியானம் போய் அது வற்றியிருக்கிறதா என்று பார். பார்த்ததையே அங்கே சொல்.

“ஏன் சிவில் எடுத்தாய்?” என்று கேட்டால், சின்ன வயதிலிருந்தே ஆசை என்று ஆரம்பிக்காதே. எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போகும்போது சுலோசன முதலியார் பாலத்தில் ஏறாமல் இருக்க மாட்டாய். 1843-இல் திறந்தது, அவர் சொந்தப் பணத்தில் கட்டியது. ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கி ஆற்றங்கரையிலிருந்து அந்த வளைவுகளைப் பார். கம்பியே இல்லாத கட்டுமானம் தாமிரபரணி வெள்ளத்தில் எப்படி நிற்கிறது? வளைவுக்குள் எல்லாம் அழுத்தம்தான், இழுப்புக்கே இடமில்லை. சன்ஷேடில் சொன்ன அதே விஷயம்தான், திருப்பிப் போட்டது. இதை உன் வார்த்தையில் சொன்னால் எதிரே இருப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

தெரியாததைத் தெரியாது என்று சொல். அதற்காக யாரையும் நான் திருப்பி அனுப்பியதில்லை. ஊகித்துச் சொன்னவர்களைத்தான் அனுப்பியிருக்கிறேன்.

சைட்டுக்குப் போகும்போது செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள். ஐந்து மீட்டர் டேப் ஒன்று கையில் இருக்கட்டும்.