விலை கூடினால் தேவை குறையும், தேவை கூடினால் விலை கூடும்: இரண்டும் எப்படி உண்மையாகும்?

பி.காம். முதலாண்டு படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நுண்ணினப் பொருளியலின் (மைக்ரோ எகனாமிக்ஸ்) அடிப்படைகளை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது? விலை கூடினால் தேவை குறையும் என்று ஒரு பக்கத்தில் இருக்கிறது. தேவை கூடினால் விலை கூடும் என்று அடுத்த பக்கத்தில் இருக்கிறது. படித்துப் படித்துத் தலை சுற்றுகிறது."

கல்லூரியில் நானும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நின்றேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என் அம்மா தூத்துக்குடியில் மீன் விற்றவர். திரேஸ்புரம் கடற்கரையில் ஏலத்தில் எடுத்து, அலுமினியச் சட்டியில் சுமந்து, தெருத்தெருவாகப் போய் விற்பார். சனிக்கிழமைகளிலும் பள்ளி விடுமுறையிலும் நானும் கூடப் போவேன். பாடப்புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு விதியும் அந்தச் சட்டியை வைத்துத்தான் எனக்குப் புரிந்தது. அதனால் மீனை வைத்தே சொல்கிறேன்.

முதலில் உங்கள் சிக்கல். நாம் பேச்சில் 'தேவை' என்ற ஒரே சொல்லை இரண்டு வெவ்வேறு விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறோம். குழப்பம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

கச்சான் காற்று பலமாக அடிக்கும் நாட்களில் நாட்டுப்படகுகள் அதிகம் போகாது. கரைக்கு வரும் சீலா மீன் குறையும், ஏலத்தில் விலை ஏறும். அம்மாவிடம் வழக்கமாக ஒரு கிலோ வாங்கும் வீட்டில் அன்று அரைக் கிலோ போதும் என்பார்கள். அந்த வீட்டுக்காரருக்கு மீன் ஆசை குறையவில்லை, சம்பளமும் குறையவில்லை. விலை மாறியதால் வாங்கும் அளவு மட்டும் மாறியது. இதுதான் தேவை விதி சொல்வது. ஒவ்வொரு விலைக்கும் எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டுவது தேவைக்கோடு. படத்தில் பார்த்தால் அந்தக் கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது, நாம் அதன் மேல் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு நகர்கிறோம். புத்தகம் இதைத் தேவையின் சுருக்கம் என்று சொல்லும்.

இப்போது புரட்டாசி மாதத்துக்கு வாருங்கள். கடலில் மீன் வழக்கம்போலக் கிடைக்கிறது. ஆனால் அம்மா போகும் தெருக்களில் பாதி வீடுகளுக்கு மேல் கதவே திறக்காது. விரதம். நேற்று விற்ற அதே விலைக்கு இன்று கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். இங்கே மாறியது விலை இல்லை, வாங்குபவரின் நிலை. ஆகவே கோடே இடப்பக்கம் பெயர்கிறது. இது தேவை குறைதல். அதன் விளைவாகத்தான் ஏலத்தில் விலை இறங்குகிறது. உங்கள் இரண்டாவது வாக்கியம் இதன் மறுபக்கம்: விரதம் முடிந்து தேவை கூடினால் விலையும் கூடும்.

ஆக, முதல் வாக்கியத்தில் விலை காரணம், வாங்கும் அளவு விளைவு. இரண்டாவது வாக்கியத்தில் விரதம் காரணம், விலை விளைவு. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. விலை மாறிய செய்தி எதைப் பார்த்தாலும் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப் பழகுங்கள்: முதலில் மாறியது எது, வாங்குபவர் பக்கமா, விற்பவர் பக்கமா? இந்தக் கேள்வி கைவந்துவிட்டால் பாடத்தில் பாதி முடிந்தது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

விற்பவர் பக்கம் மாறுவதற்கு எங்கள் ஊரில் ஆண்டுதோறும் ஒரு பெரிய எடுத்துக்காட்டு வரும். தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. 2017-க்கு முன்பு இது 45 நாட்களாக இருந்தது. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. ஒவ்வொரு விலைக்கும் எவ்வளவு விற்க வரும் என்று காட்டுவது அளிப்புக்கோடு. தடை தொடங்கியதும் அது இடப்பக்கம் பெயர்கிறது, விலை ஏறுகிறது, மக்கள் வாங்கும் அளவு குறைகிறது. புரட்டாசியிலும் மீன் குறைவாகவே விற்கிறது, தடைக்காலத்திலும் குறைவாகவே விற்கிறது. ஆனால் ஒன்றில் விலை இறங்கும், மற்றதில் ஏறும். விற்ற அளவை மட்டும் பார்த்தால் எதுவும் தெரியாது, விலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விலையைத் தீர்மானிப்பது தேவையா அளிப்பா என்று கேட்பது, கத்தரிக்கோலின் எந்த அலகு தாளை வெட்டுகிறது என்று கேட்பதைப் போன்றது என்றார் ஆங்கிலப் பொருளியலாளர் ஆல்பிரட் மார்ஷல். 1890-இல் வெளிவந்த அவருடைய நூலிலிருந்துதான் நாம் இன்று வரையும் படங்கள் பரவின. அதே நூலில் அவர் காலத்தின் பங்கை விளக்க எடுத்துக்கொண்ட தொழில் எது தெரியுமா? மீன்பிடித் தொழில். கால்நடை நோய் வந்து இறைச்சி விலை ஏறி, மக்கள் மீனுக்கு மாறினால் என்ன ஆகும் என்று கேட்கிறார். இன்றைக்குக் கரைக்கு வந்த மீன் வந்ததுதான், அதைக் கூட்ட முடியாது. சில மாதங்களில் பழைய படகுகளையும் வேறு வேலைக்குப் போன ஆட்களையும் கடலுக்கு இழுக்கலாம். பல ஆண்டுகளில் புதுப் படகே கட்டலாம். காலம் நீள நீள அளிப்பு விலைக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அம்மாவின் சட்டியைப் பற்றி யாரோ நூறு வருடத்துக்கு முன்பே எழுதி வைத்ததுபோல் இருந்தது.

சரி, இனி அந்தச் சட்டிக்கு அருகில் வாருங்கள். எனக்கு அப்போது 12 வயது இருக்கும். காலையில் கிலோ 60 ரூபாய்க்கு எடுத்த சாளை. மதியம் ஒரு மணிக்கு இன்னும் 4 கிலோ கிடக்கிறது. ஐஸ் கரைந்து சட்டியின் அடியில் தண்ணீர் நிற்கிறது. ஓர் அக்கா வந்து, "40-க்குப் போட்டுக் குடுங்க, ரெண்டு கிலோ எடுத்துக்கிடுதேன்" என்றார். அம்மா தராசை எடுத்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, நாம வாங்குனதே 60" என்றேன். அம்மா மீனை நிறுத்துக்கொண்டே சொன்னார்: "ஏ பிள்ள, அது காலையிலேயே முடிஞ்சு போன கணக்கு. இந்த மீனு இப்ப என்ன பெறும்னு பாரு."

கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் 25 ரூபாய்க்குக் கேட்டார். அம்மா மறுத்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுபோய் உப்புப் போட்டுக் காயவைத்தால், கருவாடாக விற்று, செலவு போக, கிலோவுக்கு 30 ரூபாயாவது தேறும் என்பது அவர் கணக்கு.

இந்த ஒரு மதியத்தில் 2 பெரிய கொள்கைகள் இருக்கின்றன. போட்ட பணம் திரும்பி வராது என்றால், அதை இனி எடுக்கும் முடிவில் சேர்க்கக் கூடாது. புத்தகம் இதை மூழ்கிய செலவு என்கிறது. அடுத்தது வாய்ப்புச் செலவு: ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கைவிடும் அடுத்த நல்ல வழியின் மதிப்பு. அந்த மீனைத் தெருவில் விற்பதன் உண்மையான செலவு காலையில் கொடுத்த 60 இல்லை, கருவாட்டில் கிடைக்கக்கூடிய 30. அதனால்தான் 40 சரி, 25 கூடாது. வாய்ப்புச் செலவுக்கு இலக்கணம் மனப்பாடம் செய்த மாணவர்கள்கூடத் தேர்வில் 60-ஐ எடுத்துக்கொண்டு 'நட்டம், விற்கக் கூடாது' என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன்.

இதே கணக்கின் இன்னொரு வடிவம் என் மாமாவின் ஃபைபர் படகில் இருந்தது. மாமாவும் அவர் மகனும் மட்டும் போகும் படகு. ஒரு நாளுக்கு டீசல், ஐஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய், படகுக் கடனுக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாடு, அதாவது அன்று பிடிக்கும் மீன், 2,600 ரூபாய்க்குத்தான் தேறும் என்று தெரிகிறது. போகலாமா? மொத்தச் செலவு 3,000, ஆகவே நட்டம் என்று தோன்றும். ஆனால் போகாவிட்டாலும் கடன் தவணை நிற்காது. வீட்டில் இருந்தால் 1,000 நட்டம், போனால் 400 தான் நட்டம். அதனால் போவார்கள். கடன் மாறாச் செலவு, டீசலும் ஐஸும் மாறும் செலவு. குறுகிய காலத்தில் மாறும் செலவு கைக்கு வந்தால் தொழில் ஓடும். ஆண்டுக்கணக்கில் இப்படியே போனால் படகை விற்றுவிடுவார்கள், அது நீண்ட காலம். (அன்று கரையில் மாமாவுக்கு வேறு கூலி வேலை கிடைக்குமானால் அந்தக் கூலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதுவும் வாய்ப்புச் செலவுதான்.)

குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதிக்கு நிறையச் சொல்லத் தேவையில்லை: ஒரு பொருள் கையில் கூடக் கூட, அடுத்த ஒன்றால் கிடைக்கும் பயன் குறையும். முதல் கிலோ குழம்புக்கு, இரண்டாவது கிலோ பொரிக்க, மூன்றாவது யாருக்கு? அம்மா முதல் கிலோவுக்கு ஒரு விலையும் சேர்த்து எடுத்தால் குறைவான விலையும் சொன்னது இதனால்தான். விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதுதான் நெகிழ்ச்சி. அதுவும் அப்படியே: சீலா விலை ஏறினால் சாளைக்கோ பாறை மீனுக்கோ மாறிவிடலாம், அதனால் சீலாவின் தேவை நெகிழ்ச்சி அதிகம். மீன் மொத்தத்துக்கும் விலை ஏறினால் மாற்று குறைவு, நெகிழ்ச்சியும் குறைவு.

தனி ஒருவரால் விலையை மாற்ற முடியாத அளவுக்குப் பலர் வாங்கி விற்கும் சந்தையைப் புத்தகம் நிறைவுப் போட்டி என்கிறது. அதற்கு வாங்குபவர், விற்பவர் எல்லோருக்கும் சந்தை நிலவரம் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு வரி வரும். அந்த வரியை வேகமாகத் தாண்டிப் போகாதீர்கள். 1997 ஜனவரி 14, காலை 7.45. வடகேரளத்தில் வடகரைக் கடற்கரையில் 11 மீனவர்கள் வாங்க ஆள் இல்லாமல் பிடித்த மத்தியைக் கடலில் கொட்டப் போகிறார்கள். அதே நேரத்தில் 15 கிலோமீட்டருக்குள் சோம்பாலாவிலும் கொயிலாண்டியிலும் மீன் வாங்க வந்த 27 பேர் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு கிளம்புகிறார்கள். பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 2007-இல் வெளியிட்ட தன் ஆய்வில் சொல்லும் காட்சி இது. 1997-க்கும் 2001-க்கும் இடையில் அந்தப் பகுதியில் கைப்பேசி கோபுரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மீனவர்கள் கடலில் இருந்தபடியே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்டுத் திரும்பத் தொடங்கினார்கள். அதற்கு முன் பிடித்ததில் 5 முதல் 8 சதவீதம் வரை வீணாகிக்கொண்டிருந்தது, அது நின்றே போனது. மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் ஏறியது, வாங்குபவர் கொடுத்த விலை 4 சதவீதம் இறங்கியது. கடலில் ஒரு மீன்கூடக் கூடவில்லை. தகவல் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். விற்பவர் லாபமடைந்தால் வாங்குபவர் நட்டப்பட்டே ஆக வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் நான் எப்போதும் சொல்வேன்.

ஆனால் விலை தெரிந்தும் பயனில்லாத நிலை ஒன்று உண்டு. மாமா படகு வாங்க ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தார். அது தீரும் வரை மீன் அவருக்குத்தான். பக்கத்து ஏலத்தில் கூடுதல் விலை போவது காதில் விழும், ஆனாலும் அங்கே கொண்டுபோக முடியாது. வாங்குபவர் ஒருவர் மட்டும் என்றால் விலை விற்பவருக்கு எதிராகச் சாயும். சந்தை இருக்கிறது என்பதும் போட்டி இருக்கிறது என்பதும் வேறு வேறு. மாமா 6 வருடம் அப்படி விற்றார். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

கடைசியாக, அந்த 61 நாள் தடை ஏன் வேண்டும்? கடல் யாருக்கும் சொந்தமில்லை. நான் இன்று சிறு மீனை விட்டுவைத்தால் நாளை அது பெரிதாகி எனக்கே கிடைக்கும் என்று எந்த உறுதியும் இல்லை, பக்கத்துப் படகு எடுத்துவிடும். ஆகவே எல்லோரும் இன்றே எடுக்கிறார்கள். கனடாவின் பொருளியலாளர் ஸ்காட் கார்டன் 1954-இலேயே மீன்பிடித் தொழிலை வைத்து இதை விளக்கினார். விலை மட்டும் இங்கே வேலை செய்யாது, விதி வேண்டும். அந்த விதி அரசிடமிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. துருக்கியின் அலன்யாவில் மீனவர்கள் தங்களுக்குள் சீட்டுப் போட்டு மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பிரித்துக்கொண்டதை அமெரிக்க அறிஞர் எலினார் ஆஸ்ட்ரம் எடுத்துக்காட்டினார். அவருக்கு 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது நீங்கள் ஒன்று செய்யுங்கள். உங்கள் தெருவில் விற்கும் ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள், மீனோ தக்காளியோ பூவோ. 15 நாட்கள் அதன் விலையை எழுதுங்கள். விலை மாறும் ஒவ்வொரு நாளும் விற்பவரிடம் ஏன் என்று கேட்டுப் பக்கத்தில் குறியுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் எந்தக் கோடு, எந்தப் பக்கம் பெயர்ந்தது என்று படம் போடுங்கள். அப்புறம் எனக்காக ஒரு படம்: தடை முடிந்து விசைப்படகுகள் கரை திரும்பும் முதல் நாள், அது முகூர்த்த நாளாகவும் இருந்து, ஊரில் பாதிப் பேர் கல்யாணச் சைவச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். விலையும் விற்ற அளவும் என்ன ஆகும்? ஒன்றை நிச்சயமாகச் சொல்லலாம், மற்றதைச் சொல்ல முடியாது. எது எது என்று போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.