ஸ்கைரிமிலிருந்து பின்னோக்கிப் போகிறவருக்கு: மாரோவிண்டா, ஒப்லிவியனா?

கேள்வி: தேசிய சேவையில் இருக்கிறேன். வெள்ளி இரவு வீடு வந்தால் ஞாயிறு மாலை மறுபடி முகாம். எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்ற கணினி ஆட்ட வரிசையில் ஸ்கைரிமை இரண்டு முறை முடித்துவிட்டேன். பழைய ஆட்டங்களில்தான் ஆழம் அதிகம், புதியதில் எல்லாவற்றையும் சுலபமாக்கிவிட்டார்கள் என்று முகாம் நண்பர்கள் சொன்னதால் மாரோவிண்டைத் தொடங்கினேன். முதல் குகையிலேயே, கத்தி எதிரி மேல் பட்டும் அடி விழவில்லை. ஒரு மணி நேரத்தில் மூடிவிட்டேன். அதையே தொடர்வதா, 2025-ல் வந்த ஒப்லிவியன் மறுபதிப்பை வாங்குவதா? மடிக்கணினியில் 16 ஜிபி ராம், தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லை, 512 ஜிபி எஸ்எஸ்டியில் 90 ஜிபி காலி.
வாசகர், ஈசூன்

பதில்: மறுபதிப்பை இப்போது வாங்காதீர்கள். அதற்கு 125 ஜிபி இடம் வேண்டும். ஸ்கைரிமை அழித்து இடம் பண்ணினாலும் காரியம் ஆகாது. குறைந்தபட்சத் தேவையே ஜிடிஎக்ஸ் 1070 டிஐ தரத்து அட்டை. காட்சியை அன்ரியல் என்ஜின் 5 வரைகிறது, அடியில் 2006-ன் பழைய என்ஜின் கணக்குப் பார்க்கிறது. நல்ல கணினியிலேயே திறந்தவெளியில் ஓடும்போது திக்கித் திக்கித்தான் நகரும். மறுபதிப்பை, இந்த ஆட்டங்களின் நிறுவனமான பெதஸ்டாவுடன் சேர்ந்து உருவாக்கிய விர்ச்சுவோஸ் நிறுவனத்தின் தலைமையகம் சிங்கப்பூரில்தான் இருக்கிறது. அந்தப் பெருமைக்காக மடிக்கணினியை வதைக்க வேண்டாம்.

மாரோவிண்ட் 2002-ல் வந்தது. அன்று அது கேட்ட இடம் 1 ஜிபி. உங்கள் கணினிக்கு அது தூசு. ஆகவே அதையே தொடருங்கள், ஆனால் இப்போதைய பாத்திரத்தை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொண்டு.

அடி விழாததற்குக் காரணம் கோளாறு இல்லை. ஸ்கைரிமிலும் ஒப்லிவியனிலும் ஆயுதம் உடம்பில் பட்டால் பட்டதுதான். ஸ்கில், அதாவது பாத்திரத்தின் தேர்ச்சிப் புள்ளி, எவ்வளவு வலிக்கும் என்பதை மட்டும் தீர்மானிக்கும். மாரோவிண்டில் திரையில் தெரியும் வீச்சு வெறும் ஓவியம். உள்ளே பகடை உருளுகிறது. கணக்கு இதுதான்: ஆயுத ஸ்கில், அஜிலிட்டியில் (சுறுசுறுப்பு) ஐந்தில் ஒரு பங்கு, லக்கில் (அதிர்ஷ்டம்) பத்தில் ஒரு பங்கு, மூன்றையும் கூட்டுங்கள். உடல் தெம்பைக் காட்டும் பச்சைப் பட்டை நிறைந்திருந்தால் 1.25-ஆல் பெருக்குங்கள், காலியாக இருந்தால் 0.75-ஆல். வருவதுதான் நூற்றுக்கு எத்தனை வீச்சு விழும் என்ற எண். எதிரியின் தப்பும் திறன் அதிலிருந்து இன்னும் கழியும்.

நீங்கள் செய்திருக்கக்கூடியதை இதில் போட்டுப் பார்ப்போம். ஆட்டம் தொடங்கும் செய்டா நீன் ஊரின் சுங்க அலுவலக மேசையில் ஒரு இரும்புக் குத்துவாள் கிடக்கும், எல்லோரும் எடுப்பார்கள். அது ஷார்ட் பிளேடு வகை. நீங்கள் தேர்ந்தெடுக்காத ஸ்கில் 5-ல்தான் தொடங்கும். அஜிலிட்டி 40, லக் 40 என்றால் 5 + 8 + 4 = 17. பட்டை நிறைந்திருந்தால் 21 சதவீதம். ஆனால் ஸ்கைரிம் பழக்கத்தில் ஊரிலிருந்து அட்டமசார்டஸ் குகை வரை ஓடியே போயிருப்பீர்கள். மாரோவிண்டில் ஓடினாலே பச்சைப் பட்டை கரையும். காலிப் பட்டையோடு 13 சதவீதம்கூட வராது. எட்டு வீச்சுக்கு ஒன்று!

இப்போது வேறொரு பாத்திரம். ரெட்கார்ட் இனத்துக்கு லாங் பிளேடில் 15 கூடுதல். அதை மேஜர் ஸ்கில்லாக (முதன்மைத் தேர்ச்சியாக) வைத்தால் 30, காம்பட் பிரிவைத் தேர்ந்தால் இன்னொரு 5. ஆக 50. அதே அஜிலிட்டி, லக்கோடு 62. பட்டை நிறைந்திருந்தால் 77 சதவீதத்துக்கு மேல். பிறப்பு ராசியாக வாரியரைத் தேர்ந்தால் இன்னும் 10 சேரும். அதே குகை, அதே எதிரி, ஆனால் மூன்று வீச்சில் குறைந்தது இரண்டு விழும். காலிப் பட்டையோடு போனால் இவருக்குமே ராசிக்கு முன் 46தான் என்பதைக் கவனியுங்கள். எனவே கேப்ஸ் லாக்கை அழுத்தி நடைக்கு மாறுங்கள். சண்டைக்கு முன் டி விசையால் ஒரு மணி நேரம் காத்திருந்து பட்டையை நிரப்புங்கள். மந்திரம் பலிப்பதும், கடைக்காரரிடம் பேரம் படிவதும்கூட இந்தப் பட்டையைப் பார்த்துத்தான். மூச்சு வாங்க ஓடிவந்து நிற்பவனிடம் யாரும் நல்ல விலை சொல்வதில்லை.

பாத்திரத்தை உருவாக்கும்போது, பிடித்த அட்ரிபியூட் (அடிப்படைப் பண்பு) இரண்டில் ஒன்றாக என்டூரன்ஸை (தாங்குதிறன்) கட்டாயம் வையுங்கள். ஒவ்வொரு லெவலிலும் அதில் பத்தில் ஒரு பங்குதான் உயிர்ப்புள்ளியாகச் சேரும். பிறகு என்டூரன்ஸை உயர்த்தினால் பழைய லெவல்களுக்கான பாக்கி திரும்பக் கிடைக்காது. சுங்க அலுவலகத்தில் கிடைக்கும் 87 தங்கத்தில் முதல் செலவு, அரில் கடையில் உங்கள் ஸ்கில்லுக்கு ஏற்ற வாள். கவசம் அப்புறம். பணம் சேர்ந்ததும் பயிற்சியாளரிடம் போங்கள். ஒப்லிவியனிலும் ஸ்கைரிமிலும் ஒரு லெவலுக்கு ஐந்து பயிற்சிதான். மாரோவிண்டில் அந்த வரம்பே இல்லை. பணம் இருக்கும்வரை, அந்த ஸ்கில்லுக்குரிய அட்ரிபியூட் இடம் கொடுக்கும்வரை ஏற்றிக்கொண்டே போகலாம். ஆரம்பத் திண்டாட்டத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

நிறுவும் முறையில் ஒரு மாற்றம் செய்யுங்கள். பழைய என்ஜினோடு மல்லுக்கட்டாமல் ஓபன்எம்டபிள்யூ என்ற இலவச என்ஜினைப் பயன்படுத்துங்கள். மூல ஆட்டத்தின் கோப்புகள் மட்டும் உங்கள் சொந்தமாக இருக்க வேண்டும். ஸ்டீமில் வாங்கியதும் சரி, ஜிஓஜியில் வாங்கியதும் சரி. ஆட்டத்தை புரோகிராம் ஃபைல்ஸ் அடைவுக்கு வெளியே வையுங்கள். உள்ளே வைத்தால் விண்டோஸ் அனுமதிச் சிக்கலில் மோட் கோப்புகள் (ரசிகர்கள் செய்த மாற்றங்கள்) தகராறு செய்யும். பிறகு ஓபன்எம்டபிள்யூவை நிறுவி, அதன் வழிகாட்டியில் ஏற்கெனவே நிறுவிய ஆட்டம் இருக்கிறது என்பதைத் தேர்ந்து, டேட்டா ஃபைல்ஸ் அடைவிலுள்ள மாரோவிண்ட் இஎஸ்எம் கோப்பைக் காட்டுங்கள். லாஞ்சரில் மாரோவிண்ட், அதன் விரிவாக்கங்களான டிரைபியூனல், பிளட்மூன் என்ற வரிசையில் மூன்றையும் டிக் செய்யுங்கள். தொலைதூர நிலக்காட்சியையும் அங்கேயே இயக்கலாம். தனி அட்டை இல்லாததால் பார்வைத் தூரத்தை முதலில் மிதமாக வைத்து, ஓட்டம் சீராக இருந்தால் கூட்டுங்கள்.

டிரைபியூனலோடு வரும் தொல்லை ஒன்று உண்டு. லெவல் 1-லேயே நீங்கள் தூங்கும்போது கொலையாளிகள் வந்து எழுப்புவார்கள். 2002-ல் முதன்மை ஆட்டத்தை முடித்தவர்களை மனதில் வைத்து எழுதியது. இப்போது எல்லாம் ஒரே பொதியாக விற்கப்படுவதால் புதியவர்கள் தலையில் விடிகிறது. அந்தத் தாக்குதலைத் தள்ளிப்போடும் சிறு மோட்கள் இருக்கின்றன, ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். போடாமல் எப்படியாவது ஒருவனைச் சாய்த்துவிட்டால் அவன் கவசம் நல்ல விலைக்குப் போகும் என்பதும் உண்மை.

அடுத்தது வழி. இதில்தான் வாரக்கடைசி ஆட்டக்காரருக்கு உண்மையான சிரமம். ஸ்கைரிமில் அம்புக்குறி இருக்கிறது. இரண்டு வாரம் கழித்துத் திறந்தாலும் அது காட்டும் பக்கம் நடந்தால் போதும். மாரோவிண்டில் அம்புக்குறி கிடையாது. "பாலத்தைத் தாண்டி, கோட்டையைக் கடந்து, கிழக்கே" என்று ஒருவர் சொல்வார், அது நாட்குறிப்பில் பதிவாகும், அவ்வளவுதான். நினைத்த இடத்துக்கு வரைபடத்தில் தட்டிப் போகவும் முடியாது. ஆனால் பயண வலையை ஒருமுறை புரிந்துகொண்டால் அது எம்ஆர்டி மாதிரிதான்: எந்தத் தடம் எங்கே போகும், எங்கே மாற வேண்டும். செய்டா நீனிலிருந்து சில்ட் ஸ்ட்ரைடர் என்ற ராட்சதப் பூச்சி பல்மோரா, விவெக், சூரன், நிசிஸ் நகரங்களுக்குப் போகும். பல்மோரா மந்திரவாதிகள் சங்கத்திலிருந்து ஆல்ட்ரூன், கால்டெரா, சாட்ரித் மோரா, விவெக் கிளைகளுக்கு நொடியில் தாவலாம். கரையோர ஊர்களுக்குப் படகு. மார்க் மந்திரத்தால் ஓரிடத்தைக் குறித்துவைத்து, ரீகால் மந்திரத்தால் அங்கே திரும்பலாம். பாதாளத்தில் ஆழமாக இறங்கியபின் இந்த ஜோடியின் அருமை தெரியும்.

உங்கள் கால அட்டவணைக்கு ஒரு ஒழுங்கு வேண்டும். ஞாயிறு மதியம் ஆட்டத்தை மூடும்போது பாதாளத்தின் நடுவில் மூடாதீர்கள். ஏதாவதொரு சங்கக் கட்டடத்துக்குத் திரும்பி சேவ் செய்யுங்கள். நாட்குறிப்பு தேதி வரிசையில்தான் ஓடும், ஆனால் டிரைபியூனல் இருந்தால் பணி வாரியாகவும் பிரித்துப் பார்க்கலாம். உள்ளூர் வரைபடத்தில் இரட்டைச் சொடுக்கினால் குறிப்பும் எழுதலாம். ஒரே சமயத்தில் மூன்று பணிக்கு மேல் ஏற்காதீர்கள். ஸ்கைரிமில் முப்பது பணி நிலுவையில் கிடந்தாலும் அம்புக்குறி காப்பாற்றும். இங்கே யாரும் காப்பாற்ற மாட்டார்கள்.

இனி நண்பர்கள் சொன்ன "ஆழம்". பாதி உண்மை. மாரோவிண்டில் 27 ஸ்கில், ஒப்லிவியனில் 21, ஸ்கைரிமில் 18. லாங் பிளேடு, ஷார்ட் பிளேடு, ஈட்டி, கோடரி என்று பிரிந்திருந்தவை கடைசியில் ஒற்றைக் கை, இரட்டைக் கை என்று சுருங்கின. பறக்கும் மந்திரம் ஒப்லிவியனிலேயே போய்விட்டது. நகரங்களை மதிலுக்குள் தனித் தனி வெளிகளாக அமைத்ததால், பறந்து மதிலைத் தாண்டினால் உள்ளே ஊரே இருக்காது. சொந்தமாக மந்திரம் தயாரிக்கும் வசதி ஸ்கைரிமில் இல்லை. புகழ்பெற்ற ஆயுதங்களுக்கு மாரோவிண்டில் நிலையான பலம்; எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் லெவல் 3-லேயே போய் எடுக்கலாம். ஒப்லிவியனில் பல பரிசுகள் கையில் கிடைத்த நாளின் லெவலோடு உறைந்துவிடும். ஸ்கைரிமிலும் நைட்டிங்கேல் வாள், சில்ரெண்ட் போன்றவை அப்படித்தான், கவனித்திருப்பீர்கள்.

ஆனால் மாரோவிண்டில் நூறு பேரைக் கேட்டாலும் ஒரே பத்தியைத்தான் ஒப்பிப்பார்கள். சண்டை, கணக்கு சரியானபின்னும், பார்க்கச் சுவாரசியமில்லாதது. பணிகளின் கதையமைப்பில் ஒப்லிவியன்தான் மூன்றிலும் மேல், குறிப்பாக டார்க் பிரதர்ஹுட் கிளைக்கதை. குகைகளைக் கட்டிய நேர்த்தியில் ஸ்கைரிமை அடித்துக்கொள்ள முடியாது. மாரோவிண்ட் உழைப்பைச் சண்டைக்கு முன்பே வாங்கிக்கொள்கிறது, ஒப்லிவியன் லெவல் ஏறும் இடத்தில், ஸ்கைரிம் சண்டை நடக்கும் நொடியில். ஒன்றின் பழக்கத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோனால் ஆட்டம் மோசம் என்று தோன்றும்.

ஒப்லிவியனில் அந்தப் பழக்கம் எப்படிக் கவிழ்க்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 2006 பதிப்பு உங்கள் மடிக்கணினியில் தாராளமாக ஓடும். மாரோவிண்ட் பிடிபடவே இல்லை என்றால் அதுதான் மாற்று. அதில் ஏழு மேஜர் ஸ்கில். அவற்றில் மொத்தம் பத்துப் புள்ளி ஏறினால், தூங்கியதும் லெவல் கூடும். உலகமும் கூடவே ஏறும். புதியவர்கள் ஆசையாக அத்லெட்டிக்ஸையும் அக்ரோபாட்டிக்ஸையும் மேஜராக வைப்பார்கள். ஊருக்கு ஊர் ஓடியும் குதித்தும் லெவல் ஏறிவிடும், வாள்வீச்சு அப்படியே இருக்கும், எதிரிகள் மட்டும் தடித்துப்போவார்கள். ஓரளவு மேலே போனால், கிளாஸ் கவசம் பூட்டிய வழிப்பறிக்காரன் உங்களை மறித்து 100 தங்கம் கேட்பான். அந்தக் கவசத்தை விற்றாலே அவன் உட்கார்ந்து சாப்பிடலாம்!

அதோடு போனஸ் கணக்கு வேறு. ஒரு லெவலுக்குள் ஓர் அட்ரிபியூட்டைச் சேர்ந்த ஸ்கில்கள் 1 முதல் 4 வரை ஏறியிருந்தால் +2, 5 முதல் 7 வரை +3, 8 அல்லது 9 என்றால் +4, பத்தானால் +5. இதைப் பார்க்காமல் ஏறினால் ஒவ்வொரு லெவலிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்குவீர்கள். ஓட்டத்தையும் குதிப்பையும் மேஜரில் சேர்க்காமல், பிளேடு, பிளாக், கவசம் என்று சண்டையில் தானாக ஏறுகிறவற்றை வையுங்கள். க்வாட்ச் நகர் முற்றுகையை லெவல் 10-க்கு முன்பே முடியுங்கள். தொடக்கச் சாக்கடையின் வாசலில் இனம், ராசி, வகுப்பு மூன்றையும் மாற்றிக்கொள்ள ஒரு வாய்ப்பு வரும். அதற்கு முன் தனியாக ஒரு சேவ் எடுத்து வையுங்கள். அதிகாரபூர்வமற்ற ஒப்லிவியன் பேட்ச் அவசியம்.

மறுபதிப்பு இந்தத் தலைவலியைத்தான் முதலில் தீர்த்தது. லெவலுக்கு 12 புள்ளி. மூன்று அட்ரிபியூட்களுக்குள், ஒன்றுக்கு 5 வரை, விருப்பம்போல் பங்கிடலாம். லக்கில் ஒன்று ஏற்ற மட்டும் 4 புள்ளி செலவு. சேவை முடிந்து, அட்டையுள்ள கணினி வாங்கும் நாளில் அதை எடுங்கள்.

இன்னும் பழைய அரீனா, டாகர்ஃபால் இரண்டும் ஸ்டீமில் இலவசம். ஆர்வத்துக்குப் பார்க்கலாம், வாரக்கடைசியை அவற்றுக்குக் கொடுக்க வேண்டாம். கரோசலில் மாரோவிண்ட் வட்டு மலிவாக வந்தாலும் விடுங்கள். டிரைபியூனலும் பிளட்மூனும் முதலில் தனித் தனி வட்டுகளாக வந்தவை, டிவிடி ஓட்டியும் தேட வேண்டியிருக்கும். ஸ்டீமில் தள்ளுபடி நாட்களில் மூன்றும் சேர்ந்த பதிப்பே சில வெள்ளிக்குக் கிடைக்கும்.

இப்போதே சொல்லிவைக்க வேண்டியது இன்னொன்று. பல்மோராவில் உங்கள் முதல் பெரிய பணி ஆர்க்ங்தாண்ட் இடிபாடுகளிலிருந்து ஒரு புதிர்ப்பெட்டியைக் கொண்டுவருவது. கதவு தானாகத் திறக்காது. அருகே குழாயில் இருக்கும் திருகியைத் திருப்ப வேண்டும். உள்ளே பெட்டி என்றதும் ஸ்கைரிம் பேழையைப் போல் பெரிதாகத் தேடாதீர்கள். அது உள்ளங்கையளவு உலோகக் கனசதுரம், தரையில் இல்லை, அலமாரித் தட்டில் இருக்கிறது.