அக்கி: இத்தனை வருடம் அந்த வைரஸ் எங்கே இருந்தது?

கேள்வி: எனக்கு வயது 61. நேற்றிலிருந்து வலது விலாவில் பட்டையாகக் கொப்புளங்கள். தீப்பட்ட மாதிரி எரிகிறது. அக்கி என்று காவி எழுதிக்கொண்டேன். சின்ன வயதில் வந்த அம்மைதான் காரணம் என்கிறார் மருந்துக்கடைக்காரர். உண்மையா? எட்டு மாதப் பேத்தியைத் தூக்கலாமா?

பதில்: மருந்துக்கடைக்காரர் சொன்னது சரி. ஆனால் விளக்கத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம், இன்றே மருத்துவரைப் பாருங்கள். ஏன் இந்த அவசரம் என்று சொல்கிறேன்.

வைரஸ் என்பது மரபுப்பொருளும் அதை மூடிய புரதக்கூடும்தான். சிலவற்றுக்கு மேலே ஒரு கொழுப்புறையும் உண்டு. தானாகப் பெருக அதற்கு வழியில்லை. நம் செல்லுக்குள் புகுந்து, அங்கிருப்பதை வைத்தே தன்னைப் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். மரபுப்பொருள் ஆர்என்ஏவா, டிஎன்ஏவா என்று பார்த்துத்தான் முதலில் வகை பிரிப்போம். டெங்கு, ஃப்ளூ எல்லாம் ஆர்என்ஏ. பொதுவாகக் காய்ச்சலோடு உடம்பை விட்டுப் போய்விடும். சின்னம்மையைத் தரும் வேரிசெல்லா ஸோஸ்டர், ஹெர்பெஸ் குடும்பத்து டிஎன்ஏ வைரஸ். இது போகாது. அம்மை வந்தபோதே உணர்வு நரம்புகளுக்குள் புகுந்து, முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் தங்கிவிடும். அங்கே கூடும் இல்லை, உறையும் இல்லை. செல்லின் உட்கருவில் வெறும் டிஎன்ஏ வளையமாகக் கிடக்கும். வயதாலோ, ஸ்டீராய்டு போன்ற மருந்துகளாலோ எதிர்ப்புச் சக்தி தளரும்போது மறுபடி பெருகி, அதே நரம்பு வழியாகத் தோலுக்கு வரும். அந்த ஒரு நரம்பின் எல்லைக்குள்தான் கொப்புளம் கிளம்பும் என்பதால், பெரும்பாலும் நடுமுதுகைத் தாண்டி மறுபக்கம் போவதில்லை.

அசைக்ளோவிர் வகை மாத்திரைகள், வைரஸ் பிரதி எடுக்கும் டிஎன்ஏ இழையில் போய்ச் செருகிக்கொண்டு, அது மேலே வளராமல் நிறுத்திவிடும். அதாவது பெருகும் வைரஸிடம்தான் மருந்து பலிக்கும். உறங்குவதை ஒன்றும் செய்யாது. அதனால்தான் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கச் சொல்கிறோம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். வலிக்குத் தனி மருந்து உண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டாம். இந்த வயதில், புண் ஆறியும் எரிச்சல் மாதக்கணக்கில் நிற்பதுண்டு.

காவி பூசினால் குளிர்ச்சியாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் நரம்புக்குள் இருப்பதை அது எட்டாது. உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழ் பிடிக்கும், கழுவிவிடுங்கள். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ அக்கி வந்தவர்கள் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். பார்வை போகிற விஷயம்.

பேத்தியைக் கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை தூக்க வேண்டாம். கொப்புள நீர் பட்டால் குழந்தைக்கு அக்கி வராது, சின்னம்மை வரும். அம்மை வராத, தடுப்பூசியும் போடாத கர்ப்பிணிகள் வீட்டில் இருந்தால் அவர்களும் விலகியே இருக்கட்டும். சின்னம்மைத் தடுப்பூசி அரசு அட்டவணையில் இல்லை. பேத்திக்குப் பதினைந்து மாதம் ஆகும்போது குழந்தை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள். அக்கிக்கும் தடுப்பூசி இருக்கிறது, ஐம்பது தாண்டியவர்களுக்கு இரண்டு தவணை. விலை அதிகம்தான். இந்த முறை முழுதாகக் குணமான பிறகு அதைப் பற்றிப் பேசலாம்.