நாத்தனார் வருவதற்குள் வீட்டைத் தேற்றுவது எப்படி?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து, ஏழு மாதமாக வீட்டைச் சரியாகக் கவனிக்க முடியவில்லை. ஹாலில் துணிக்குவியல், சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்கு, புழங்காத இரண்டாவது பாத்ரூமில் தாங்க முடியாத நாற்றம், மழைக்குப் பிறகு சுவரில் பூஞ்சை. போகி அன்று காலை கோவையிலிருந்து நாத்தனார் குடும்பத்தோடு வருகிறார். ஐந்து பேர், நான்கு நாள் தங்குவார்கள். எனக்குக் கிடைப்பது ஒரு சனிக்கிழமை மதியமும் ஒரு ஞாயிறும்தான். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. (சென்னை வாசகி)

பதில்: பரணில் கை வைக்காதீர்கள். பீரோவைத் திறக்காதீர்கள். விருந்தாளி வருகிறார்கள் என்றதும் பலரும் முதலில் அங்கேதான் போய் நிற்கிறார்கள். பீரோவில் ஒரு தட்டை ஒழிக்க ஆரம்பிப்போம், பழைய கல்யாண ஆல்பம் கையில் சிக்கும், ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். ஹால் அப்படியே கிடக்கும், பீரோவிலிருந்த துணியும் கட்டிலில் ஏறியிருக்கும். பரணை நாத்தனார் பார்க்கப் போவதில்லை. பொங்கல் முடிந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஹோட்டல் ஹவுஸ்கீப்பிங்கில் பதினாறு வருடம் இருந்துவிட்டு, இப்போது வீடுகளைச் சுத்தம் செய்து கொடுக்கும் வேலை பார்க்கிறேன். ஒரு அறையை அரை மணியில் முடிக்கிறவர்கள் கை வேகமாக ஓடுகிறது என்று எல்லோரும் நினைப்பார்கள். அவர்கள் செய்வதெல்லாம் ஒன்றுதான்: உள்ளே போனதும் ஊற வேண்டியதை ஊறப் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலையில் இறங்குவார்கள். உப்புக்கறைக்கும் பிசுக்குக்கும் தேவைப்படுவது நேரம். அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில் நின்று தேய்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அதனால் சனிக்கிழமை மதியம் முதல் வேலை பாத்ரூம். வரும் வழியில் மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு 100 கிராம் வாங்கிக்கொள்ளுங்கள். சிட்ரிக் ஆசிட் என்று கேட்டாலும் தருவார்கள். அப்படியே வாஷிங் சோடா ஒரு பாக்கெட், ரப்பர் கையுறை, பெரிய கோணிப்பை நான்கு.

அந்த இரண்டாவது பாத்ரூம் நாற்றத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்காக என்னைக் கூப்பிட்டவர்கள் பலர், பாதிப் பேருக்கு போனிலேயே வேலை முடிந்திருக்கிறது. தரையில் தண்ணீர் போகும் ஜல்லடைக்குக் கீழே கிண்ணம் போன்ற ஒரு அமைப்பு உண்டு. அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடை வாயு மேலே வராமல் அடைத்துக்கொண்டிருப்பது அந்தத் தண்ணீர்தான். மாதக்கணக்கில் புழங்காவிட்டால் அது வற்றிவிடும், வழி திறந்துகொள்ளும். ஃபினாயில் வாசனை, ரூம் ஃப்ரெஷ்னர் எதுவும் இதற்கு முன்னால் நிற்காது. ஜல்லடையைத் தூக்கி, முடியும் சோப்புக் கசடும் இருந்தால் எடுத்துவிட்டு, ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள். வாஷ்பேசின் குழாயையும் ஒரு நிமிடம் திறந்து விடுங்கள், அதன் அடியிலும் இதே கதைதான். ஜன்னலைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

அடுத்து உப்பு. போர்வெல் தண்ணீர் புழங்கும் வீட்டில் டைல்ஸ் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புதான். சோப்பு போட்டு எவ்வளவு தேய்த்தாலும் போகாது, புளிப்புக்குத்தான் மசியும். அரை லிட்டர் சுடுதண்ணீரில் இரண்டு டேபிள்ஸ்பூன் எலுமிச்சை உப்பைக் கரையுங்கள். சுவரில் தெளித்தால் வழிந்து கீழே போய்விடும், பிரயோசனம் இல்லை. பழைய பனியன் துணியை அதில் நனைத்து, கறை இருக்கும் இடத்தில் அப்பி விடுங்கள். ஈரத்துணி டைல்ஸில் தானாகவே ஒட்டிக்கொள்ளும். டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமென்ட்டைப் புளிப்பு அரிக்கும் என்பதால், அப்புவதற்கு முன் சுவரை வெறும் தண்ணீரால் ஒருமுறை நனைத்துவிடுங்கள். அரை மணி கழித்துத் துணியை உரித்தால் கறை மாவு மாதிரி இளகியிருக்கும், ஸ்க்ரப்பர் பட்டாலே வரும். குழாய்களுக்கும் இதே வைத்தியம், ஆனால் இருபது நிமிடம் போதும். ஷவர் தலைக்கு, ஒரு பிளாஸ்டிக் பையில் இந்தத் தண்ணீரை ஊற்றி, தலை அதில் மூழ்கும்படி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடுங்கள்.

டாய்லெட்டில் திரவத்தை ஊற்றும் முன், பிரஷ்ஷால் உள்ளே இருக்கும் தண்ணீரை நாலைந்து முறை வளைவுக்குள் இடித்துத் தள்ளுங்கள். மட்டம் இறங்கும். திரவம் தண்ணீரில் கரைந்து வீணாகாமல் கறை மேல் உட்காரும்.

இங்கே ஒரு விஷயம் கறாராகச் சொல்ல வேண்டும். டாய்லெட் திரவம், ஆசிட், எலுமிச்சை உப்பு, வினிகர் இவற்றில் எதையும் ப்ளீச்சிங் பவுடரோடு சேர விடாதீர்கள். சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், இரண்டும் சேர்ந்தால் இன்னும் பளிச்சென்று வரும் என்று நினைத்து, ஆசிட் ஊற்றிய தரையில் ப்ளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டான். கதவு சாத்தியிருந்தது. இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தவன் அன்று முழுக்க நெஞ்செரிச்சல் என்று உட்கார்ந்துவிட்டான். பாத்ரூமில் புளிப்பு என்றால் புளிப்பு மட்டும். இணையத்தில் எல்லோரும் காட்டும் ஆப்ப சோடா, வினிகர் நுரையும் வேண்டாம். அது ஆபத்தில்லை, வெறும் வேடிக்கை. ஒன்றை ஒன்று தீர்த்துக்கொண்டு கடைசியில் மிஞ்சுவது கொஞ்சம் உப்புத்தண்ணீர்.

பாத்ரூம் ஊறும் நேரத்தில் ஹால். கோணிப்பைகளை எடுத்துக்கொள்ளுங்கள். துவைத்த துணி ஒன்றில், அழுக்குத் துணி ஒன்றில், நாளிதழ், அட்டைப்பெட்டி ஒன்றில், மற்றதெல்லாம் கடைசிப் பையில். எதையும் கையில் வைத்து யோசிக்காதீர்கள். யோசனைதான் நேரத்தைத் தின்கிறது. ஆனால் காகிதங்களுக்கு மட்டும் தனியாக ஒரு துணிப்பை வைத்துக்கொள்ளுங்கள். மாமியாரின் மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, கேஸ் புத்தகம் எல்லாம் இந்தக் குவியலுக்குள்தான் இருக்கும். பண்டிகை நாளில் அவசரத்துக்குத் தேடி அலைய முடியாது. அந்தப் பை ஹாலிலேயே ஒரு ஆணியில் தொங்கட்டும்.

பைகளை எங்கே வைப்பது? ஒரு இடத்தைத் தியாகம் செய்துவிடுங்கள். பூட்டக்கூடிய சின்ன அறை இருந்தால் அது, இல்லாவிட்டால் உங்கள் படுக்கையறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்து. ஏமாற்று வேலை மாதிரித் தோன்றும். ஹோட்டல்களிலும் ஒரு கதவுக்குப் பின்னால் இப்படி ஒரு அறை உண்டு, அதைத் திறந்து காட்ட மாட்டோம், அவ்வளவுதான்.

சனி இரவு படுக்கப் போகும் முன் ஐந்து நிமிடம். எக்ஸாஸ்ட் ஃபேனின் ஸ்விட்சை அணைத்து, இறக்கை கழற்ற வருமானால் கழற்றி, ஒரு டப்பில் கொதிக்கும் தண்ணீரும் இரண்டு கரண்டி வாஷிங் சோடாவும் போட்டு அமிழ்த்திவிடுங்கள். அலுமினிய இறக்கையாக இருந்தால் சோடா வேண்டாம், கறுத்து அரித்துவிடும். பாத்திரம் கழுவும் திரவம் போதும். காலையில் பிசுக்கு தோல் மாதிரி உரியும்.

ஞாயிறு காலை எங்கே தொடங்குவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: மாமியாரின் அறை. நாத்தனார் வருவது அம்மாவைப் பார்க்க. செருப்பைக் கழற்றியதும் நேரே போய் அந்தக் கட்டிலில்தான் உட்காருவார். ஹால் எப்படி இருந்தது என்பது அப்புறம்தான் கண்ணில் படும். மாமியாரை ஹாலுக்கு மாற்றி உட்கார வைத்துவிட்டு, மேலே ஒட்டடை, அப்புறம் ஃபேன், அப்புறம் ஜன்னல், கடைசியில் தரை என்று இறங்குங்கள். கீழே பெருக்கிவிட்டு மேலே ஒட்டடை அடித்தால் இரண்டு முறை பெருக்க வேண்டும். ஃபேன் இறக்கையைப் பழைய தலையணை உறைக்குள் நுழைத்து இழுங்கள், தூசி முழுக்க உறைக்குள் விழும், கட்டிலில் விழாது. மெத்தை மேல் ஆப்ப சோடாவைத் தூவி ஒரு மணி நேரம் விட்டுத் தட்டி எடுங்கள். தலையணைகள் மொட்டை மாடி வெயிலுக்குப் போகட்டும். மருந்துகள் ஒரே டப்பாவில், தலைமாட்டில் சுத்தமான ஒரு துண்டு, ஒரு சொம்புத் தண்ணீர். இந்த அறையில் ஃபினாயில், சாம்பிராணி இரண்டும் வேண்டாம். நாளெல்லாம் படுத்திருப்பவருக்கு அந்த நெடி ஆகாது.

பூஞ்சையை உலர்ந்த துணியால் தட்டாதீர்கள், அறை முழுக்கப் பறக்கும். மாமியார் அறையில் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். மற்ற சுவர்களுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் ப்ளீச்சிங் பவுடரைக் கலக்கி, தெளிய விட்டு, மேலே நிற்கும் தண்ணீரை மட்டும் எடுத்துத் தடவலாம். வண்ணச் சுவர் வெளுக்கலாம், அலமாரிக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பாருங்கள். நேற்று பாத்ரூமில் பயன்படுத்திய துணியும் பக்கெட்டும் இதற்குக் கூடாது. அவசரத்தில் மேலே பெயின்ட் அடித்து மறைக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். ஈரச் சுவரில் அடித்த பெயின்ட் கொப்பளித்து உரியும். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள், காற்று போகும்.

சமையலறையில் அடுப்புக்குப் பின்னால் இருக்கும் டைல்ஸ், மேடை, சிங்க், ஃப்ரிட்ஜ், இந்த நான்கும்தான். டைல்ஸில் பாத்திரம் கழுவும் திரவத்தை நேரடியாகத் தடவி, மேலே சுடுதண்ணீரில் நனைத்த துணியை ஒட்டிவிட்டு ஃப்ரிட்ஜுக்குப் போங்கள். வருகிறவர்கள் தின்பண்டம் கொண்டுவருவார்கள், ஒரு தட்டாவது காலியாக இருக்க வேண்டும். திரும்பி வந்து, காலாவதியான ஏடிஎம் கார்டால் டைல்ஸைச் சுரண்டுங்கள், கீறல் விழாது. கைபட்டால் ஒட்டும் மசாலா டப்பாக்களுக்கு ஒரு தந்திரம்: முதலில் நாலு சொட்டு சமையல் எண்ணெய் தடவித் தேய்த்து, பிறகு சோப்பு. பழைய பிசுக்கைப் புது எண்ணெய் இளக்கிவிடும்.

பித்தளை விளக்குக்குப் புளி போதும், ஆனால் கழுவியதும் உடனே துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுநாளே திட்டுத்திட்டாகக் கறுக்கும்.

தரையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய அடுக்குமாடி வீடு, மொசைக் தரை என்றால் எலுமிச்சை உப்போ ஆசிடோ அதில் படவே கூடாது. மொசைக்கில் இருப்பது சிமென்ட்டும் பளிங்குச் சில்லும், இரண்டையும் புளிப்பு தின்றுவிடும், பளபளப்பு திரும்ப வராது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மூடி சோப்புத் திரவம் மட்டும். மாப் அலசுவதற்குத் தனியாக இன்னொரு பக்கெட். துடைத்த பிறகும் தரை மங்கலாகத் தெரிந்தால் சோப்பு குறைந்துபோனதால் இல்லை, கலங்கிய தண்ணீரையே அடுத்த அறைக்கும் கொண்டுபோயிருப்பீர்கள்.

ஒதுக்கியதில் தேவையில்லாத பாய், கிழிந்த மெத்தை, பிளாஸ்டிக் இருந்தால் போகி நெருப்பில் போட வேண்டாம். மார்கழிப் பனியில் அந்தப் புகை மேலே ஏறாமல் தெருவிலேயே தங்கும், உங்கள் ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வரும், அதுவும் நோயாளி இருக்கும் வீடு. மாநகராட்சி வண்டிக்காரர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

வருகிற அன்று காலை பாத்ரூம் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைத்து, புது சோப்பைப் பிரித்து வையுங்கள், கதவுக்குப் பின்னால் காலியாக ஒரு கொக்கி இருக்கட்டும். அந்தச் சின்ன அறையின் சாவியைக் கணவரிடம் கொடுக்காதீர்கள். மடக்கு நாற்காலியை எடுக்கிறேன் என்று எல்லோர் முன்னாலும் திறந்துவிடுவார்.