பக்கத்து வீட்டுப் பையன் மிஷனுக்குப் போகிறான்: புரோவோவுக்குப் புதிதாக வந்த தங்கைக்கு

தங்கச்சி, நீங்க கேட்டிருந்ததைப் படித்தேன். யூட்டாவுக்கு, அதுவும் புரோவோவுக்கு, வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. பக்கத்து வீட்டு மார்மன் (பிற்காலப் பரிசுத்தவான்கள் சபை என்கிற கிறிஸ்தவச் சபைக்காரர்) பையனுக்குப் பதினெட்டு வயது. பிரேசிலுக்கு மத ஊழியத்துக்குப் போகிறானாம். அதற்கு முன்னால் இங்கேயே மலையடிவாரத்தில் 'எம்டிசி' (மிஷனரி பயிற்சி மையம்) என்று சொல்கிற இடத்தில் பயிற்சியாம். வருகிற ஞாயிறு சர்ச்சுக்கும், அது முடிந்து வீட்டு விருந்துக்கும் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். "அந்தக் கட்டடத்துக்குள்ளே என்னதான் நடக்குது அக்கா? நாங்க போனா எங்களையும் மாத்தப் பார்ப்பாங்களா? கையில என்ன கொண்டு போகணும்?" என்று கேட்டிருக்கீங்க.

நான் அந்தச் சபையைச் சேர்ந்தவள் இல்லை. சவுத் ஜோர்டான் கணேசர் கோயிலுக்குப் போய்க்கொண்டிருப்பவள்தான். ஆனால் உங்கள் பக்கத்து ஊரான ஓரெமில் பல வருஷமாகக் குடியிருக்கிறேன். எங்கள் தெருவில் அந்தச் சபைக்குப் போகாத வீடுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். எதிர்வீட்டுப் பையன் தைவானுக்குப் போனபோது வாராவாரம் வீட்டுக்கு எழுதிய மின்னஞ்சலை எனக்கும் அனுப்பிக்கொண்டிருந்தான். என் ஆபீஸில் ஒருவர் காலேஜ் படிக்கும்போது அதே எம்டிசியில் போர்த்துக்கீசிய மொழி சொல்லிக் கொடுத்தவர். நான் சொல்லப்போவது இவர்கள் வழியாகத் தெரிந்துகொண்டதுதான்.

அவன் சாமியாராகப் போகிறான் என்று நினைத்துக்கொண்டு அந்த அம்மாவைத் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு பார்க்காதீங்க. ஆண் பிள்ளைகளுக்கு இரண்டு வருஷம், பெண் பிள்ளைகளுக்குப் பதினெட்டு மாதம், அவ்வளவுதான். முடிந்ததும் திரும்பி வந்து காலேஜில் சேர்ந்து, பெரும்பாலும் சீக்கிரமே கல்யாணமும் செய்துகொள்வார்கள். சம்பளம் கிடையாது, செலவுக்கு அவர்கள் வீட்டிலிருந்துதான் கட்ட வேண்டும். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு மாதம் 500 டாலர்; 2020 ஜூலைக்கு முன்பு 400 ஆக இருந்தது. செலவு அதிகமான ஊருக்குப் போகிறவனும் குறைவான ஊருக்குப் போகிறவனும் ஒரே தொகைதான் கட்டுவார்கள். சபை அதை ஒன்றாகச் சேர்த்துப் பிரித்துக்கொள்ளும். பல வீடுகளில் குழந்தை பிறந்ததிலிருந்தே இதற்கென்று தனியாகச் சேர்த்து வைக்கிறார்கள். முன்பு பையன்களுக்குப் பத்தொன்பது, பெண்களுக்கு இருபத்தொன்று ஆக வேண்டும். 2012 அக்டோபரில் அதை 18, 19 என்று குறைத்தார்கள். 2025 நவம்பரில் பெண்களுக்கும் 18 ஆக்கிவிட்டார்கள். எந்த நாடு, எந்த மொழி என்று அவர்கள் கேட்டு வாங்க முடியாது. மனு போட்டால் அழைப்பு வரும். சொந்தபந்தம் கூடியிருக்க அதைப் பிரித்துப் படிப்பதுதான் இந்த ஊரில் பெரிய கொண்டாட்டம். முன்பு தபாலில் பெரிய உறையாக வந்துகொண்டிருந்தது, இப்போது இணையத்தில்தான் வருகிறது. ஆனாலும் மொத்தக் குடும்பமும் லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்து ஒரே கூச்சல்தான்.

இப்போது எம்டிசி. 1961-ல், மெக்சிகோவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் விசா கிடைக்காமல் காத்திருந்த பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் சொல்லிக் கொடுக்க, பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் சின்னதாக ஆரம்பித்தது. இப்போதிருக்கும் வளாகம் 1976-ல் வந்தது. 2017-ல் ஆறு மாடிக் கட்டடங்கள் இரண்டு சேர்ந்தன. ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் சொல்லிக் கொடுக்கிறார்கள். உங்கள் வீட்டிலிருந்து பார்த்தாலே தெரியும் என்று நினைக்கிறேன்.

இங்கிலீஷ் பேசுகிற ஊருக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வாரம் போல. ஸ்பானிஷ், போர்த்துக்கீசியம் என்றால் ஆறு வாரம். மாண்டரின், கொரியன் மாதிரி கஷ்டமான மொழிக்கு ஒன்பது வாரம். கொரோனா காலத்தில் எல்லாமே ஆன்லைனுக்குப் போனது; அந்த மிச்சமாக இப்போதும் முதல் வாரத்தை வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில்தான் படிக்கிறார்கள். ஆகவே விருந்து முடிந்த பிறகும் சில நாள் அவன் கோட், டை கட்டிக்கொண்டு அவன் ரூமிலேயே இருப்பதைப் பார்த்தால் குழம்பாதீங்க.

கொண்டுபோய் விடும் அன்று அழுகை, ஆரத்தி எதற்கும் இடம் இல்லை. கார் நடைபாதை ஓரமாக நிற்கும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒரு பையன் ஓடி வந்து பெட்டியை இறக்குவான். அம்மா அப்பா ஒருமுறை கட்டிப் பிடிப்பார்கள், அவ்வளவுதான், பின்னால் அடுத்த கார் காத்துக்கொண்டிருக்கும். உள்ளே போனதும் கறுப்புப் பெயர்ப் பட்டை குத்துவார்கள். அன்றிலிருந்து அவனுக்கு முதல் பெயர் கிடையாது. 'எல்டர்' (மூத்தவர்) என்று போட்டுக் குடும்பப் பெயர். பெண்ணாக இருந்தால் 'சிஸ்டர்'. எதிர்வீட்டுத் தங்கைப் பாப்பா அண்ணனுக்குப் போட்ட முதல் மெயிலிலேயே 'டியர் எல்டர்' என்று ஆரம்பித்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

காலை ஆறரைக்கு எழ வேண்டும், இரவு பத்தரைக்கு விளக்கணைக்க வேண்டும். நடுவில் வகுப்பு, தனிப் படிப்பு, ஜோடியாகப் படிப்பு, சாப்பாடு, கொஞ்ச நேரம் ஜிம் அல்லது வாலிபால், திரும்ப வகுப்பு. செவ்வாய் இரவு பெரிய அரங்கில் எல்லாரும் கூடும் பிரசங்கம். வாரத்தில் ஒரு நாள் மட்டும் 'பி-டே' (பிரிபரேஷன் டே, ஆயத்த நாள்): துணி துவைப்பது, முடி வெட்டுவது, வீட்டுக்கு எழுதுவது எல்லாம் அன்றுதான். அத்தனை பேரிடமும் அதே வெள்ளைச் சட்டை என்பதால், எதிர்வீட்டம்மா பெட்டி கட்டும்போது கூடத்துத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு சட்டையின் காலருக்குள்ளும் மார்க்கரால் மகன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். அப்படியும் முதல் வாரமே இரண்டு சட்டை மாறிப்போய் வேறு யாருடையதோ வந்திருக்கிறது.

மொழி வகுப்பைப் பற்றி என் ஆபீஸ்காரர் சொன்னது கேட்க சுவாரசியமாக இருந்தது. ஒரு வகுப்பில் பத்துப் பேருக்குப் பக்கமாகத்தான் இருப்பார்கள். வாத்தியார்களும் சின்னப் பசங்கள்தான். அந்த நாட்டில் ஊழியம் முடித்து வந்து காலேஜ் படித்துக்கொண்டே பகுதி நேரமாகச் சொல்லிக் கொடுப்பவர்கள். இலக்கணம் முடியட்டும், அப்புறம் பேசலாம் என்று காத்திருப்பதில்லை. வந்த சில நாளிலேயே அந்த மொழியில் ஜெபம் செய்ய வேண்டும். ஒரு ஆளிடம் போய் உட்கார்ந்து தங்கள் நம்பிக்கையைப் பற்றிப் பேச வேண்டும். அந்த ஆள் வேறு யாருமில்லை, வாத்தியாரேதான். பிரேசிலில் தான் சந்தித்த யாரோ ஒருவராக, வேலை போனவராகவோ மனைவியை இழந்தவராகவோ, வேஷம் கட்டி உட்கார்ந்திருப்பார். "நான் அவங்ககிட்டே ஒண்ணுதான் பார்ப்பேன். நான் 'என் பொண்டாட்டி செத்துட்டா'ன்னு சொன்னா, பையன் காதுல வாங்கறானா, இல்லே மனப்பாடம் பண்ணின அடுத்த வரியைச் சொல்றானான்னு." இங்கிலீஷில் அவர் சொன்னதன் சாரம் இது. பெரும்பாலான பிள்ளைகள் முதல் முறை அடுத்த வரியைத்தான் சொல்வார்களாம்.

மதம், நம்பிக்கையெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். பதினெட்டு வயதில் இப்படி ஒரு மொழிப் பயிற்சி வேறு எங்கே கிடைக்கும்? இந்த ஊர் ஐ.டி. கம்பெனிகளில் போர்த்துக்கீசியமோ ஜப்பானியமோ தண்ணியாகப் பேசும் வெள்ளைக்காரர்களைப் பார்த்து உங்க வீட்டுக்காரர் ஆச்சரியப்பட்டிருப்பார். எல்லாம் அங்கிருந்து வந்ததுதான்.

சரி, எது கஷ்டம்? சாப்பாடு இல்லை, கேன்டீனில் வேண்டிய மட்டும் கிடைக்கும், எடை ஏறிப் போகிறவர்கள்தான் அதிகம். விடிகாலை எழுவதும் பழகிவிடும். தனியாக இருக்கவே முடியாது என்பதுதான் கஷ்டம். ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி போடுவார்கள், 'கம்பானியன்' என்று பெயர். ஜாதகம் பார்க்காமல் நடந்த கல்யாணம்தான் அது. யார் என்று முன்பே தெரியாது, பிடிக்கவில்லை என்று மாற்றிக்கொள்ளவும் முடியாது. கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் எப்போதும் இருவரும் இருக்க வேண்டும். ரூமில் நாலைந்து பேர், இரண்டடுக்குக் கட்டில். குளியலறை மட்டும்தான் விதிவிலக்கு. எதிர்வீட்டுப் பையன் மூன்றாவது வாரக் கடிதத்தில், கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருப்பதுதான் அன்றாடம் தனக்குக் கிடைக்கும் விடுமுறை என்று எழுதியிருந்தான். அவன் அம்மா அதை என்னிடம் சிரித்துக்கொண்டே படித்துக் காட்டிவிட்டு, பாதியில் நிறுத்திவிட்டார்.

வாரத்துக்கு ஒருமுறை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, உன்னிடம் எனக்குப் பிடித்தது இது, நீ திருத்திக்கொள்ள வேண்டியது இது என்று சொல்லிக்கொள்ள வேண்டும். அந்த வயதில் என்னையும் என் ஹாஸ்டல் ரூம்மேட்டையும் அப்படி உட்கார வைத்திருந்தால் அடிதடி நடந்திருக்கும்! ஆனால் இதில் தேறியவர்கள் பிறகு குடும்பம் நடத்துவதில் ஒரு நிதானம் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதேசமயம், மனசில் சந்தேகம் வந்த பையனுக்கு அதைத் தனியாக உட்கார்ந்து யோசிக்க அங்கே ஒரு மணி நேரம்கூட இல்லை என்பதும் எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. இதை என் ஆபீஸ்காரரிடமே சொன்னேன், அவர் மறுக்கவில்லை.

எல்லாருக்கும் இது ஒத்துவருவதில்லை. மனச்சோர்வு, பதற்றம் என்று பாதியில் திரும்புகிறவர்கள் உண்டு. வீட்டிலிருந்தே செய்யும் சேவை ஊழியம் என்று இப்போது ஒரு வழி இருக்கிறது, முன்புபோல் அவ்வளவு அவமானமாகப் பார்ப்பதும் குறைந்திருக்கிறது. ஆனாலும் தெரு பேசும், நம்ம ஊர் தெருவைப் போலத்தான். நாளைக்கு அந்தப் பையன் இரண்டு மாதத்தில் வாசலில் நின்றால், "என்னப்பா சீக்கிரம் வந்துட்டே?" என்று மட்டும் கேட்டுவிடாதீங்க. "வா, சாப்பிடு" என்றால் போதும்.

அம்மாவுக்கு ஒரு ஆறுதல் இருக்கிறது. முன்பெல்லாம் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் போன் பேசலாம். 2019 பிப்ரவரியிலிருந்து வாராவாரம் பி-டே அன்று வீடியோவிலேயே பேசலாம். பழைய ஆட்கள் "இப்போ ரொம்ப இளக்காரம் கொடுத்துட்டாங்க" என்று முணுமுணுப்பார்கள். பெற்ற வயிற்றைக் கேட்டால் அல்லவா தெரியும்.

உங்களை மாற்றப் பார்ப்பார்களா? கேட்பார்கள். ஒருமுறை கேட்பார்கள், சில சமயம் இரண்டு முறை. "எங்களுக்கு எங்க சாமி இருக்கு, ஆனா நீங்க எப்ப வேணா வீட்டுக்கு வாங்க" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்க. மழுப்பலாக "பார்க்கலாம்" என்றால் அதை அழைப்பு என்றே எடுத்துக்கொள்வார்கள்; நம்ம ஊர் 'பார்க்கலாம்' அவர்களுக்குப் புரியாது. பெயர்ப் பட்டையோடு கதவு தட்டும் பிள்ளைகளை விரட்ட வேண்டியதில்லை. வெளிமாநிலத்திலிருந்து வந்த யார் வீட்டுப் பிள்ளையோ அது. வீட்டில் நீங்க மட்டும் தனியாக இருந்தால் பையன்கள் உள்ளே வர மாட்டார்கள், அவர்கள் விதி அது, கோபித்துக்கொள்ளாதீங்க. காபி, டீ தொட மாட்டார்கள், தண்ணீரோ ஜூஸோ கொடுங்க. சுக்கு மல்லியைக் காபித்தூள் போடாமல் கொதிக்க வைத்தால் குடிப்பார்கள். பனிக்காலத்தில் என் வாசலில் நின்று இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்த பையன் உண்டு.

ஞாயிறு கூட்டம் ஒரு மணி நேரம். பையன் சின்னதாகப் பேசுவான், பெரும்பாலும் அழுவான். ரொட்டித் துண்டும் தண்ணீரும் தட்டில் வரும். எடுக்காமல் அடுத்தவரிடம் நகர்த்திவிடலாம், யாரும் கவனிக்க மாட்டார்கள். உண்டியல் சுற்றி வராது. பிள்ளைகள் சத்தம் போட்டால் சங்கடப்பட வேண்டாம், அங்கே எல்லா வரிசையிலும் பிள்ளைச் சத்தம்தான். புடவை கட்டிக்கொண்டே போங்க.

கைக்கு: உறையில் இருபது டாலர், இல்லையென்றால் நல்ல டை. பெரிய பொருள் வேண்டாம், பெட்டிக்கு எடை வரம்பு இருக்கிறது. சாப்பாடு எடுத்துப் போவதானால் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு போண்டாவும் நிமிஷத்தில் காலியாகும், காரத்தை மட்டும் பாதியாக்குங்க. கடையில் கேக் வாங்கினால் காபியோ மதுவோ சேர்த்தது இல்லையே என்று அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்க. அவன் அம்மாவிடம் வாரக் கடிதம் உங்களுக்கும் வருகிற மாதிரி மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துவிட்டு வாங்க. கேட்டால் ரொம்பச் சந்தோஷப்படுவார்.