ஆஞ்சியோகிராம் மருந்து சிலருக்கு ஏன் ஒவ்வாமல் போகிறது?

இதய ரத்தக்குழாய்கள் எக்ஸ்ரேயில் தாமாகத் தெளிவாகத் தெரியாது. தெரியவைக்க, ஆஞ்சியோகிராம் சோதனையில் அயோடின் அடங்கிய சாய மருந்தைச் செலுத்துகிறார்கள். சிலருக்கு அதனால் அரிப்பும் தடிப்பும் வரும். அரிதாக மூச்சுத்திணறலும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் நேரும்.

தோலிலும் ரத்தக்குழாய் ஓரங்களிலும் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற பாதுகாப்பு செல்கள், அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டிவிடுவதே காரணம். தெருநாயை நினைத்துப் பாருங்கள். பழைய திருடனை அடையாளம் கண்டு குரைப்பது ஒரு வகை. புதிய காலடி ஓசைக்கே குரைப்பது இன்னொரு வகை. இங்கே பெரும்பாலும் நடப்பது இரண்டாவது. அதனால்தான் முதல் முறையிலேயே வரக்கூடும்.

இதய நோயாளிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெட்டோபுரோலால் போன்ற, இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்கு, கடும் ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலின் ஊசி சரியாக வேலை செய்யாமல் போகலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது இதயத்துக்கே ஆபத்து! மருத்துவரிடம் சொல்லுங்கள். முன்பு ஒவ்வாமை வந்திருந்தால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள். வேறு சாய மருந்துக்கு மாற்றுவார்கள், அல்லது முன்கூட்டியே ஸ்டீராய்டு தருவார்கள்.

இறால், நண்டு ஒவ்வாதவர்களுக்கு இந்த மருந்து ஆகவே ஆகாது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு, அவர்களுக்கு ஒவ்வாதது பெரும்பாலும் அவற்றிலுள்ள டிரோபோமயோசின் என்ற புரதம், அயோடின் அல்ல.