காதில் வளையம் போட்டவர் ஷேக்ஸ்பியரா?

கேள்வி: சோர் பஜாரில் பழைய சட்டம் போட்ட படம் ஒன்று வாங்கினேன். முன்வழுக்கை, காதில் தங்க வளையம், கழுத்தில் அவிழ்ந்து தொங்கும் நாடா. கடைக்காரர் ஷேக்ஸ்பியர் என்றார். என் கணவரோ, "கடற்கொள்ளைக்காரன் மாதிரி இருக்கிறான்" என்கிறார். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: சோர் பஜாரில் தாடி வைத்தவரெல்லாம் ஷேக்ஸ்பியர்தான்! ஆனாலும் நீங்கள் சொல்லும் அடையாளங்கள், ஷேக்ஸ்பியர் என்று சொல்லப்படும் 'சாண்டோஸ்' ஓவியத்துக்குப் பொருந்துகின்றன. அசல் லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் இருக்கிறது. 1856-இல் அவர்கள் முதன்முதலாகச் சேர்த்த படமே அதுதான். அவர்தானா என்றால், இருக்கலாம், நிரூபணம் இல்லை.

ஷேக்ஸ்பியரின் உருவம் என்று பலரும் ஏற்பவை இரண்டே. அவர் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டின் தேவாலயத்துச் சிலை ஒன்று. இன்னொன்று அவருடைய 1623 நாடகத் தொகுப்பில் மார்ட்டின் ட்ரூஷவுட் செதுக்கிய படம். பெரிய நெற்றி, விறைப்பான காலர், உடம்போடு ஒட்டாத தலை. அழகென்று சொல்ல மாட்டேன். ஆனால் படத்துக்கு எதிரே உள்ள பக்கத்தில், ஷேக்ஸ்பியரோடு பழகிய நாடகாசிரியர் பென் ஜான்சனே அந்தப் படத்தை மெச்சிக் கவிதை எழுதியிருக்கிறார். ஷேக்ஸ்பியர் இறந்தது 1616-இல்; படம் வெளிவந்தது அதற்கு ஏழு ஆண்டு கழித்து. அதனால் நேரில் பழகியவரின் இந்தச் சாட்சி எனக்குப் பெரிது.

2009-இல் 'காப்' ஓவியம் என்று ஒன்றைக் காட்டி, இதுதான் ஷேக்ஸ்பியர் என்றார்கள். ஆள் நல்ல களை. அது தாமஸ் ஓவர்பரி என்பவர் என்று சிலர் மறுத்தார்கள். நானும் அந்தக் கட்சி.

சரி, உங்கள் படத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். வரிசையாகப் பொடிப் புள்ளிகள் தெரிந்தால் அச்சுப் படம். அப்புறம், என்ன விலை கொடுத்தீர்கள் என்று எழுதவே இல்லையே?